பொறுப்பைப் பங்கிடும் கலை

மேல்நிலைக் கல்வியின் இரண்டு ஆண்டுகளில் நம் பிள்ளைகள் கற்கும் விஷயங்களுள், சிந்தனையின் போக்கையே மாற்றிவிடும் வலிமை உடையவை மிகச் சிலவே. பௌதிகத்தில் நியூட்டனின் விதிகள் அத்தகையவை. கணிதத்தில் நுண்கணிதம் அத்தகையது. கணினி அறிவியலில் அந்த ஸ்தானத்தை வகிக்கத் தக்கது பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும் முதலிரண்டுக்கும் கிடைக்கும் கௌரவம் மூன்றாவதற்கு நம் வகுப்பறைகளில் இன்னும் கிடைக்கவில்லை. ஆண்டின் முடிவு நெருங்கிப் பரீட்சை பயம் தலைதூக்கும் வேளையில், பாடநூலின் கடைசிப் பகுதியிலிருந்து வரையறைகளாகவும் வேறுபாட்டு அட்டவணைகளாகவும் வந்து சேர்ந்து, விடைத்தாளில் எழுதப்பட்டவுடன் மறக்கப்படுகிற பாடமாகவே அது இருந்து வருகிறது. அப்படி மறக்கத் தக்க விஷயம் அன்று அது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் எழுதுவது சாக்கோட்டையிலிருந்து. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டை வேறு. இது சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு வடகிழக்கே, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன புதுவயலுக்குப் பக்கத்தில், வீரசேகரர் கோயிலைத் தன் பெருமையாகக் கொண்டு, ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே தன் பெயரைத் தந்திருக்கும் ஊர். ஆற்றுப் பாசனம் இல்லாத, கண்மாயையும் ஊருணியையும் வானத்தையும் நம்பிய இந்த வறண்ட பூமியில், கல்வியை ஒரு விளைச்சலாகக் கருதிப் போற்றியவர்கள் பலர் இருந்தார்கள். அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கியதும், அவர் கொடுத்த நிலத்தின்மீது 1948 ஜூலை 25-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டதும் இந்த வட்டாரத்தின் சரித்திரம். அத்தகைய மண்ணின் பிள்ளைகள் இன்று பதினோராம் வகுப்பில் கணினி அறிவியலைப் பாடமாக எடுத்துக்கொண்டு, தம் பதினாறாவது வயதில் இந்தக் கருத்தை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இது நேற்று வந்த புதுமையன்று. பழைய திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி நூல் இரு தொகுதிகளாக வந்தபோது, முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளுக்கும், இரண்டாம் தொகுதி சி பிளஸ் பிளஸ் மொழியின் வாயிலாகப் பொருள்நோக்கு முறைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புப் புதிய நூலில், நெறிமுறைச் சிந்தனையும் சி பிளஸ் பிளஸ்ஸின் அடிப்படைகளும் முடிந்தபின், பொருள்களுக்கு வார்ப்பாக அமையும் இனக்குழுக்களும், அவற்றிலிருந்து பிறக்கும் பொருள்களும், பல்லுருவாக்கம், ஓர் இனக்குழுவின் இயல்பை இன்னொன்று பெறும் மரபுரிமம் என்று இந்த முறை விரிவாகப் பேசப்படுகிறது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் மொழியில் அதே இனக்குழுக்கள் மறுபடியும் வருகின்றன. ஆக, ஒரே கருத்தை இரண்டு ஆண்டுகளில் இரண்டு மொழிகளில் இரு முறை காணும் நல்வாய்ப்பு நம் மாணவனுக்கு இருக்கிறது. ஒரு விஷயத்தை இரு கோணங்களில் பார்த்தவனுக்கே அதன் உருவம் புலப்படும். அந்த வகையில் இப்பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள்.

ஆனால் பரீட்சையின் அமைப்பு வேறொரு திசையில் இழுக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரிந்து, அந்த எழுபதும் ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களாக மேலும் சிதறும்போது, ஒரு கருத்தை முழுமையாக உள்வாங்குவதைக் காட்டிலும் அதைத் துண்டுகளாக மனனம் செய்வதே பிரயோஜனமானது என்று மாணவன் முடிவு கட்டுவதில் வியப்பில்லை. உறைபொதியாக்கம் என்றால் என்ன என்பது இரண்டு மதிப்பெண். மரபுரிமத்தின் வகைகளை விளக்குக என்பது ஐந்து மதிப்பெண். ஒருவழி, பலவழி, பலநிலை, படிநிலை, கலப்பு என ஐந்தையும் படத்துடன் எழுதிவிட்டால் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். எதற்காக ஓர் இனக்குழு இன்னொன்றிலிருந்து பிறக்க வேண்டும், எப்போது பிறக்கக் கூடாது என்ற கேள்விக்கு வினாத்தாளில் இடம் இல்லை. இந்தப் பாடத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்த முறை மாணவனிடம் கோருகிற மனமாற்றம் இன்னதென்று முதலில் தெளிந்துகொள்வோம். அதுவரை அவன் எழுதிய நிரல்கள் யாவும் கட்டளைகளின் வரிசைகள்: இந்த எண்ணை வாங்கு, அந்த எண்ணோடு கூட்டு, விடையைத் திரையில் காட்டு. வேலை பெருகியபோது அவற்றைச் செயற்கூறுகளாகப் பிரிக்கக் கற்றான். எனினும் தரவு ஒருபுறமும் அதன்மேல் நிகழும் செயல் மறுபுறமுமாகவே இருந்தன. எந்தச் செயற்கூறும் எந்தத் தரவையும் எடுத்து மாற்றிவிடலாம். மாற்றியது யார் என்பது பிழை நேர்ந்தபின் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். பொருள்நோக்கு முறையோ முதல் கேள்வியையே மாற்றுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் என்ன அறிவர், எதற்குப் பொறுப்பாவர், எதைத் தமக்குள்ளே வைத்துக்கொள்வர் என்று கேட்கச் சொல்கிறது. தரவும் அதைக் காக்கும் செயலும் ஓர் உறைக்குள் ஒன்று சேர்கின்றன; பாடநூல் சொல்லும் உறைபொதியாக்கம் இதுவே. வெளியிலிருந்து வருபவர் அந்தப் பொருளிடம் ஒரு வேலையைக் கேட்கலாமே தவிர, அதன் உள்ளே கைவிட்டுத் துழாவ முடியாது. கட்டளைகளின் வரிசையாக இருந்த நிரல், பொறுப்புள்ள பலர் சேர்ந்து நடத்தும் ஒரு சமூகமாக மாறுகிறது. பதினாறு வயதில் இந்த மாற்றம் எளிதன்று. இனக்குழு வேறு, அதன் வார்ப்பில் பிறந்த பொருள் வேறு என்பது பிடிபடுவதற்கே பலருக்கு வெகுநாள் ஆகிறது. பொருளைத் தொடக்க நிலையில் அமைத்துத் தரும் ஆக்கி ஏன் இனக்குழுவின் பெயரையே தாங்குகிறது, யாரும் அழைக்காமல் அது எப்படி இயங்குகிறது என்று மயங்குகிறவர்களும் உண்டு. அந்த மயக்கம் குற்றமன்று. புதிய உலகத்தின் வாசலில் நிற்பவனுக்கு இயல்பாக வருவது.

இந்தக் கருத்து பிறந்த கதையை ஆசிரியர்கள் ஒரு பாடவேளை செலவிட்டுச் சொன்னால் மயக்கத்தில் பாதி தீர்ந்துவிடும். 1960-களில், நார்வே தேசத்தின் ஆஸ்லோ நகரில், நார்வேக் கணிப்பு நிலையத்தில் கிரிஸ்டன் நிகார்டு, ஓலே-யோஹன் டால் என்ற இரு அறிஞர்கள், உலக நிகழ்ச்சிகளைக் கணினிக்குள் நடித்துக் காட்டுவதற்கு ஒரு மொழி தேடினார்கள். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல், தொழிற்சாலையில் நகரும் சரக்கு ஆகியவற்றைச் சமன்பாடுகளில் அடக்க முயல்வதைவிட, ஒவ்வொன்றையும் தனக்கென ஒரு நிலையும் நடத்தையும் உடைய பாத்திரமாகப் படைத்து நடமாட விடுவது மேல் என்று கண்டார்கள். அவ்வாறு பிறந்தது சிமுலா. 1966-ஆம் ஆண்டு முடிந்து 1967 பிறக்கும் குளிர்காலத்தில் அவர்கள் மனத்தில் இருந்த உதாரணங்களுள் ஒன்று, சுங்கச்சாவடி அமைந்த ஒரு பாலம். லாரிகளும் பேருந்துகளும் கார்களும் அங்கே வரிசையில் நிற்கின்றன. மூன்றும் தம்முள் வேறுபட்டவை. ஆனால் வரிசையில் நிற்கத் தெரிந்தவை என்ற அளவில் மூன்றும் ஒன்று. அந்தப் பொதுவான பகுதியை ஒரே முறை எழுதி வைத்து, ஒவ்வொரு வகைக்கும் அதை முன்னொட்டாகச் சேர்த்துவிட்டால் என்ன? மரபுரிமம் என்று நாம் இன்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிற கருத்தின் ஜன்மஸ்தானம் இதுவே. சிமுலா 67 அதன் பயன். இவ்விருவருக்கும் கணினி அறிவியலின் உயரிய பரிசான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. 2002-இல் சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள்.

அவர்களுக்குப் பின் அமெரிக்காவில், உயிரியலும் கணிதமும் கற்றிருந்த ஆலன் கே, உடம்பின் கோடானுகோடி உயிரணுக்கள் தத்தம் சுவருக்குள் தனித்து வாழ்ந்தும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி ஓர் உயிராக இயங்குவதைப் போலவே நிரலும் அமைய வேண்டும் என்று கருதினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் 1970-களில் டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலியோருடன் அவர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழி, தொடக்கத்திலேயே குழந்தைகளை மனத்தில் வைத்து வளர்க்கப்பட்டது. பள்ளிச் சிறுவர் சிறுமியர் அதில் படம் வரையவும் சிறு கருவிகள் ஆக்கவும் கற்றார்கள். பொருளைவிடப் பொருள்களுக்கிடையே செல்லும் செய்தியே முக்கியமானது என்பதை ஆலன் கே பின்னாளில் வற்புறுத்திச் சொன்னார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது சிமுலாவின் தெளிவை அனுபவித்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979-இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியின் வேகத்தோடு அத்தெளிவை இணைக்கப் புகுந்தார். அந்த முயற்சிக்கு 1983-இல் சி பிளஸ் பிளஸ் என்ற பெயர் அமைந்தது. நம் பதினோராம் வகுப்பு மாணவன் கையில் இருப்பது அந்தப் பரம்பரையின் சொத்து. உலகத்தை உள்ளபடி விவரிக்க வேண்டும் என்ற ஆவலில் பிறந்து, குழந்தைகளின் கையில் தவழ்ந்த ஒரு கருத்து, நம்மிடம் வந்து சேரும்போது வரையறைகளின் தொகுப்பாகச் சுருங்கியிருப்பதே என் வருத்தம்.

உலகத்திலிருந்து தொடங்க வேண்டுமானால், செட்டிநாட்டுப் பிள்ளைக்கு எந்த உலகத்தைக் காட்டலாம்? அவனுடைய பாட்டனார் காலத்துக் கடையைக் காட்டலாம் என்பேன். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் இங்கிருந்து கொண்டுவிக்கப் போனவர்கள் நடத்திய லேவாதேவிக் கடைகளின் அமைப்பைச் சற்று நிதானித்துப் பாருங்கள். முதலாளி ஊரில் இருப்பார். கடல்கடந்த கடைக்கு அவர் ஒரு மேலாளை நியமித்து, சுமார் மூன்றாண்டுக் கெடுவுக்குச் சம்பளச் சீட்டு எழுதி அனுப்புவார். மேலாளுக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே, இன்றைய பதினோராம் வகுப்பு மாணவனை ஒத்த வயதிலோ அதற்கும் முன்போ தொழில் கற்க வந்த பெட்டியடிப் பையன். அன்றாடக் கொடுக்கல் வாங்கல் குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டில் பற்று வரவாகப் பிரியும். குறித்த காலத்தில் எல்லாம் ஐந்தொகையாகச் சுருங்கி ஊருக்கு வரும். முதலாளி பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அவர் அறிவதெல்லாம் ஐந்தொகையும் கடிதமும் சொல்லுகிற அளவே. அவர் செய்யக்கூடியதெல்லாம் செய்தி அனுப்புவது. அந்தச் செய்தியை நிறைவேற்றும் வழி மேலாளுக்குத் தெரியும். பாக்கியை வசூலிக்க என்ற ஒரே கட்டளை, இரங்கூனில் நெல் வியாபாரியிடம் ஒரு விதமாகவும், இலங்கையில் கடைக்காரரிடம் இன்னொரு விதமாகவும், மலேயாவில் ரப்பர்த் தோட்டக்காரரிடம் மற்றொரு விதமாகவும் நிறைவேறும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூரையின்கீழ், ஒரே நீண்ட கூடத்தில், பல விலாசங்களின் (தொழிற்பெயர்களின்) கடைகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மேசை, ஒரு பெட்டி, தன் கணக்கு. கணக்கெழுதும் முறை எல்லோருக்கும் ஒன்று, கணக்கோ அவரவருடையது. ஒருவர் பெட்டியில் இன்னொருவர் கைவைப்பதில்லை.

இதைக் கேட்ட மாணவனுக்கு, முறை என்பது இனக்குழு என்றும், தன் விலாசத்தோடும் தன் இருப்போடும் திறந்த ஒவ்வொரு கடையும் ஒரு பொருள் என்றும், பெட்டியும் பேரேடும் வெளியார் தீண்டாத தரவு என்றும், ஐந்தொகை கேட்டால் கொடுக்கும் செயற்கூறு என்றும், சம்பளச் சீட்டெழுதித் தொடக்க இருப்பு வைப்பது ஆக்கியின் தொழில் என்றும், ஒரே கட்டளை இடத்துக்கேற்ப வேறு வேறாக நிறைவேறுவது பல்லுருவாக்கம் என்றும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டிய அவசியம் இராது. அவை அனைத்தும் ஒரே காரணத்திலிருந்து கிளைப்பதை அவனே காண்பான். கடல் நடுவே கிடந்த தூரம், முதலாளி எல்லாவற்றையும் தானே செய்ய முடியாதபடி ஆக்கியது. எனவே பொறுப்பைப் பங்கிட வேண்டியிருந்தது. பங்கிட்டபின் நம்ப வேண்டியிருந்தது. நம்புவதற்குக் கணக்கு ஒழுங்கு தேவைப்பட்டது. பெரிய நிரல் எழுதுபவனுக்கும் இதே நிர்ப்பந்தம் உண்டு. கடலுக்குப் பதில் அங்கே குறுக்கே நிற்பது மனித மனத்தின் எல்லை: லட்சம் வரிகளை ஒருவன் ஒரே நேரத்தில் நினைவில் தாங்க முடியாது. தாங்க முடியாததைப் பங்கிடும் கலையே பொருள்நோக்கு முறை.

இந்த உதாரணத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுவது ஆசிரியரின் கடமை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் விளையும் மாவட்டங்களில், 1930-இல் விவசாய நிலத்தில் 6 சதவீதம் செட்டியார் கடைகளின் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து கடனுக்கு ஈடான நிலங்கள் கைமாறியபின், 1930-களின் இறுதிக்குள் அது 25 சதவீதமாயிற்று. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். இருப்பினும் நிலத்தை இழந்த பர்மிய உழவனின் துயரம் உண்மையானது. பேரேட்டில் அவன் ஒரு பெயராகவும் ஒரு பாக்கியாகவும் மட்டுமே இருந்தான். அவன் குடும்பமும், அவன் வயலோடு அவனுக்கிருந்த பந்தமும் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. கணக்கில் பிழை இல்லை. கணக்கு விட்டுவிட்டதில்தான் பிழை இருந்தது. அருவமாக்கம் என்று பாடநூல் சொல்லும் கருத்தின் தார்மிக பாரம் இது. தேவையானதை வைத்துக்கொண்டு தேவையற்றதை விலக்குவது அருவமாக்கம் என்று ஒரே வாக்கியத்தில் வரையறை கூறிவிடலாம். ஆனால் எது தேவையற்றது என்று தீர்ப்பவர் யார்? மாணவன் என்று ஓர் இனக்குழுவை எழுதி, அதில் பதிவெண்ணையும் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் வைத்து, சராசரி காணும் ஒரு செயற்கூறை எழுதுகிற பையன், தன்னைப் போன்ற ஓர் உயிரை நான்கு வரிகளில் சுருக்கிவிட்டான் என்பதை ஒரு கணம் உணர வேண்டும். சுருக்காமல் நிரல் எழுத முடியாது. ஆனால் சுருக்குகிறோம் என்ற பிரக்ஞை இல்லாமல் சுருக்குபவன், நாளை கடன் பெறத் தகுதியுடையவரையும் நலத்திட்டத்துக்கு உரியவரையும் தீர்மானிக்கும் நிரல்களை எழுதும்போது, விடுபட்டவர்களைக் காணவே மாட்டான். கணினி நன்னெறி என்று தனி அத்தியாயம் வைத்திருக்கிறோம். அதன் முதல் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

உலகத்தைப் பகுத்து வகைப்படுத்தும் மனப்பாங்கு நமக்குப் புதியதன்று என்பதையும் மாணவனுக்கு நினைவூட்டலாம். வைசேஷிக தரிசனம் திரவியம், குணம், கர்மம், சாமானியம், விசேஷம், சமவாயம் என்று பதார்த்தங்களைப் பிரித்தபோது, பொருள், அதன் பண்பு, அதன் செயல், அது உட்படும் பொதுமை ஆகியவற்றை வேறுபடுத்தி அறிந்தது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும்போது, தொடுவுணர்வு மட்டும் உடையது ஒன்று, அதனோடு நாவும் சேர்ந்தது இரண்டு, மூக்கும் சேர்ந்தது மூன்று என்று, ஒவ்வொரு படியும் முந்தைய படியின் ஆற்றலையெல்லாம் தாங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாக வகுக்கிறது. பலநிலை மரபுரிமத்துக்கு இதைவிட அழகான சித்திரம் கிடைப்பது அரிது. இதனால் நம் முன்னோர் கணினியைக் கண்டிருந்தார்கள் என்று யாரும் பெருமை பேச வேண்டியதில்லை. அப்பேச்சு நமக்கும் அவர்களுக்கும் கௌரவமன்று. தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இந்தச் சிந்தனை அந்நியமாகத் தோன்ற வேண்டிய காரணமில்லை என்பது மட்டுமே என் கருத்து.

ஆயினும் வகைப்படுத்துவதில் உள்ள இன்பமே ஓர் அபாயம். மரபுரிமத்தைக் கற்றவுடன் மாணவன் எதைக் கண்டாலும் குலமுறை வரையத் தொடங்கிவிடுகிறான். அவனை நிறுத்தி யோசிக்க வைப்பதற்கு ஒரு பழைய கணக்கு உதவும். சதுரம் ஒரு செவ்வகம் என்பது வடிவியலில் எல்லோரும் அறிந்த உண்மை. ஆகவே செவ்வகம் என்ற இனக்குழுவிலிருந்து சதுரத்தைத் தருவிக்கலாம் அல்லவா? செவ்வகம் தன்னிடம் வருபவருக்கு ஒரு வாக்குறுதி தந்திருக்கிறது: என் நீளத்தை மாற்றினால் அகலம் மாறாது. சதுரமோ, நீளம் மாறினால் அகலத்தையும் மாற்றியே தீர வேண்டும். இல்லையேல் அது சதுரமாக இராது. செவ்வகத்தை நம்பி வந்தவன் சதுரத்தின் கையில் ஏமாறுவான். மூதாதை தந்த வாக்கைச் சந்ததி காப்பாற்ற வேண்டும், காப்பாற்ற முடியாதது சந்ததி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற இந்த நியதியைத் தெளிவாக எடுத்துரைத்தவர் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ்; 1987-இல் ஒரு பேருரையில் இதை அவர் முன்வைத்தார்; 2008-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவரைச் சேர்ந்தது. உறவைத் தீர்மானிப்பது பிறப்பு அன்று, நடத்தை என்பதே இதன் சாரம். குலத்தையும் சாதியையும் கொண்டு மனிதனை அளந்து பழகிய ஒரு நாட்டில், பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன், அல்லது ஒருத்தி, நிரல் எழுதும் முகாந்திரத்தில் இந்த உண்மையைத் தானே கண்டடைவது சாமானியமான லாபமன்று.

இரண்டு மொழிகளில் ஒரே கருத்தைக் காண்பதால் விளையும் இன்னொரு பாடமும் உண்டு. சி பிளஸ் பிளஸ்ஸில், எதுவும் சொல்லாமல் விட்டால் இனக்குழுவின் உறுப்புகள் எல்லாம் வெளியாருக்கு மூடப்பட்டவை. மீறி உள்ளே நுழைய முயன்றால் நிரல்பெயர்ப்பி அந்த நிரலை ஏற்கவே மறுத்துவிடும். பைத்தானில் ஓர் உறுப்பின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடுகள் இட்டுவிட்டால் அது தனியுரிமை உடையதாகிறது. ஆனால் உண்மையில் அங்கே பூட்டு இல்லை, பெயர் சற்று மாற்றி வைக்கப்படுகிறது, அவ்வளவே. வேண்டுமென்று முனைபவன் அதைத் தொட்டுவிடலாம். முதலாவது சட்டத்தின் காவல். இரண்டாவது நயத்தின் காவல். எது சிறந்தது என்று கேட்டு மாணவர்களை வகுப்பில் விவாதிக்க விட்டால், அவர்கள் பேசப் போவது நிரலைப் பற்றி மட்டுமாக இராது. அந்த விவாதத்துக்கு நேரம் ஒதுக்கத் துணியும் ஆசிரியரே நான் மனத்தில் காணும் ஆசிரியர்.

தமிழ்வழியில் கற்கும் மாணவனின் நிலையைத் தனியே கருத வேண்டும். கருத்தைத் தமிழில் படிக்கிறான். கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதுகிறான். பிழைச் செய்தியும் ஆங்கிலத்திலேயே வருகிறது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், இந்த வட்டாரத்தின் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக ஒரு கணினியைக் கொண்டுவந்து சேர்த்தது. கருவி வந்தது போலக் கருத்தும் தாய்மொழியில் உள்ளத்துக்குள் வர வேண்டும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழி, பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அமைந்தது. அதை வகுப்பில் ஒரு முறை இயக்கிக் காட்டினால்கூட, நிரல் என்பது ஆங்கிலத்தின் ஒரு பகுதியன்று, சிந்தனையின் ஒரு வடிவம் என்பது விளங்கும். பொறுப்பு, வாக்குறுதி, மறைப்பு, செய்தி, சந்ததி என்று இந்த முறையின் ஆதாரக் கருத்துகள் யாவும் நம் வீடுகளில் தினமும் புழங்கும் விஷயங்கள். அவற்றை முதலில் தமிழில் நன்கு பேசிவிட்டால், ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் பத்திருபதுதானே. அவை ஒரு வாரத்தில் கைவசமாகும்.

ஆகவே இந்த மாவட்டத்தின் கணினி ஆசிரியர்களிடமும், பாடநூல் எழுதும் பெரியோர்களிடமும் நான் வேண்டுவது இது. இனக்குழுவின் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், மாணவர்களைக் கணினியின் அருகே விடாமல், ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, அவர்கள் அறிந்த ஏதேனும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்: புதுவயலின் ஓர் அரிசி ஆலை, காரைக்குடிப் பேருந்து நிலையம், திருச்சிச் சாலையின் சுங்கச்சாவடி, ஊர்க் கூட்டுறவுச் சங்கம், எதுவானாலும் சரி. அங்கே யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எதை அறிவர், எதற்குப் பொறுப்பாவர், எதை வெளியிடாமல் காப்பர், யார் யாரிடம் என்ன கேட்பர் என்று எழுதச் சொல்லுங்கள். பின்பு, தாங்கள் எழுதியதில் விடுபட்டவர் யார் என்றும் கேளுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இனக்குழு எழுதட்டும். செய்முறைத் தேர்வின் இருபது மதிப்பெண்ணில் ஐந்தையாவது, பாடநூலில் அச்சான நிரலைத் தட்டச்சு செய்வதற்கு அல்லாமல், இத்தகைய சொந்தப் படைப்புக்கு ஒதுக்குங்கள். வினாத்தாளில் மரபுரிமத்தின் வகைகளைக் கேட்கும் இடத்தில், ஒரு முறையேனும், மரபுரிமம் பொருந்தாத ஓர் உதாரணம் தந்து காரணம் கூறுக என்று கேளுங்கள்.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிரலாளர் ஆகப் போவதில்லை. சிலர் ஆசிரியராவர், சிலர் ஆலை நடத்துவர், சிலர் அலுவலகங்களில் அமர்வர், சிலர் தம் பாட்டன்மாரைப் போலவே கடல்கடந்து போவர். எங்கே போனாலும், எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்தபின் எந்த அளவு தலையிடுவது, எதை வெளிப்படையாக வைப்பது, எதைக் காப்பது, கொடுத்த வாக்கை எப்படி நிறைவேற்றுவது என்ற கேள்விகள் அவர்களை விடப் போவதில்லை. அவற்றைத் தெளிவாகக் கேட்கவும் சோதித்துப் பார்க்கவும் கற்றுத் தருவதற்கு, மேல்நிலைப் பள்ளியின் பாடங்களுள் இதைக் காட்டிலும் தகுதியான ஒன்றை நான் அறியேன். அதை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் கற்பித்து அனுப்புவது அந்தப் பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி. திருத்திக்கொள்ள நம்மால் முடியும், திருத்திக்கொள்ள வேண்டும்.